காற்றுப் பையும் ரசமட்டமும்: மோட்டார்ஹோமைச் சாயாமல் நிறுத்துவது எப்படி?

ஜூன், ஜூலை வந்துவிட்டால் டர்பன் தமிழர் பலருக்கு வீட்டில் கால் தரிக்காது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத் தென்கரைக்கு மத்திக் கூட்டம் வரும் காலம் அது. இங்கே நாங்கள் சார்டின் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டு மத்திக்கு ஒன்றுவிட்ட உறவு. படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியான பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிய புதிதில், அப்படி ஒரு ஜூலையில், என்2 நெடுஞ்சாலை பிடித்து ஸ்காட்பர்க் பக்கம் போய்க் கடலோரம் நிறுத்தினோம். வலை இழுத்த இடத்திலேயே மீன் வாங்கியாயிற்று. அம்மா உள்ளே அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் எண்ணெய் ஊற்றி, கடுகு தாளித்து வெங்காயம் போட்டார். உடனே குரல் வந்தது: "ஐயா, வண்டி சாஞ்சு நிக்குதுப்பா. எண்ணெயெல்லாம் ஒரு ஓரமாப் போவுது. வெங்காயம் ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் பச்சையாக் கெடக்கு."

வண்டியின் பின்னச்சில் எடையைத் தாங்கக் காற்றுப் பைகள் பொருத்தியிருந்தன. ஏர் சஸ்பென்ஷன் இருக்கும்போது கவலை எதற்கு என்று ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போய்ச் சுவிட்சை அமுக்கினேன். கம்ப்ரஸர் உறுமியது, பின்பக்கம் மெல்ல எழும்பியது. ஆனால் இடப்பக்கச் சாய்வு குறையவே இல்லை. இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றினேன், சாய்வு கூடியது. அன்று இரவு அம்மா கால்மாட்டில் தலைவைத்துப் படுத்தார். எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பைகளைப் பற்றிப் படித்தும் கேட்டும் கழற்றி மாட்டியும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், மட்டம் ஏன் வேண்டும்? தூக்கம், சமையல், குளியல் இவை யாருக்கும் புரியும். தலைப்பக்கம் தாழ்ந்தால் முகம் கனக்கும். குளிக்கும் தொட்டியில் தண்ணீர் வடியும் துளை ஒரு மூலையில்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். அலமாரிக் கதவு தானாகத் திறந்து தொங்கும். ஆனால் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் முதலில் சொல்வது ஃபிரிட்ஜைத்தான். அதில் உண்மையும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மோட்டார்ஹோம்களில் வெகுகாலமாக வருவது கேஸிலும் ஓடும் உறிஞ்சல் வகை ஃபிரிட்ஜ். 1922ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. பிறகு எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று கேரவன் ஃபிரிட்ஜ் செய்யும் டொமெடிக்கும் அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். இந்த ஃபிரிட்ஜில் மோட்டாரே கிடையாது. அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த கரைசலைக் கீழே ஒரு சின்னக் கொதிகலன் சூடாக்கும். எழும்பும் குமிழிகள் திரவத்தை ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலே தள்ளும். பிரிந்த அம்மோனியா ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மறுபடி ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அங்கேதான் குளிர்ச்சி. அதன்பின் எல்லாம் தன் எடையால் சரிந்து கொதிகலனுக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பும் குழாய்களின் சரிவு மிகக் குறைவு. வயலுக்கு வாய்க்கால் வெட்டுகிறவர் எவ்வளவு நுணுக்கமாகச் சரிவு பார்ப்பாரோ அவ்வளவு நுணுக்கம். ஃபிரிட்ஜ் சாய்ந்தால் திரவம் வழியிலேயே தேங்கும். கொதிகலன் வறண்டு அளவுக்கு மேல் சூடாகும். இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கரைசலில் சேர்த்திருக்கும் குரோமேட் உப்பு படிந்து குழாயை அடைத்துவிடும். அப்படி அடைத்தால் திரும்பச் சரியாகாது. ஓடும்போது வண்டி குலுங்கிக்கொண்டே இருப்பதால் திரவம் தேங்குவதில்லை. ஆபத்து, நிறுத்தி வைத்த வண்டிக்குத்தான்.

சரி, எவ்வளவு சாய்ந்தால் ஆபத்து? ஃபிரிட்ஜ் கதவை நேரே பார்த்து நிற்கும்போது இடம் வலமாக 3 டிகிரி, முன் பின்னாக 6 டிகிரி வரை தாங்கும் என்று கையேடுகளில் பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில் ஃபிரிட்ஜ் பக்கச் சுவரை ஒட்டி நிற்கிறது. ஆகவே ஃபிரிட்ஜின் இடம் வலம் என்பது வண்டியின் நீளவாக்கு. நீளமான ஃபியட் டுகாட்டோ வேனின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 4,035 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் 1 டிகிரி என்றால் 7 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு. 3 டிகிரி என்றால் 21 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட சரிவில் யாரும் மனம் ஒப்பி வண்டியை நிறுத்த மாட்டார்கள். அரை டிகிரி சாய்ந்தால் ஃபிரிட்ஜ் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை; அது நன்றாகச் சாய்ந்தாலும் ஓடும். ஆனால் லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டைப் பார்த்துப் பழகிய நம் நாட்டில் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 2023இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தபோது, எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக் குழந்தைகளின் மருந்து இந்த வண்டி ஃபிரிட்ஜில்தான் இருந்தது. வாசலில் வண்டியை மட்டம் பிடித்து நிறுத்தியதால்தான் அது முடிந்தது.

ஆக, ஃபிரிட்ஜ் தாங்குகிற சாய்வை மனிதர்கள் தாங்க மாட்டார்கள். 1 டிகிரி சாய்ந்தாலே படுக்கையில் தெரியும், சட்டியில் தெரியும். பிடிக்க வேண்டிய மட்டம் இதற்குத்தான்.

இனி பைக்கு வருவோம். விபத்தில் விரியும் ஏர்பேக்கை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம். இது நூலிழை வைத்து வார்த்த கனமான ரப்பர் உறை; உள்ளே அழுத்திய காற்று. அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்து எடையைத் தாங்கும். 1950களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பேருந்துகளில் இது பரவலானது. இன்று நெடுந்தூரப் பேருந்துகள், பெரிய லாரிகள் பலவற்றில் இதுதான். கணக்கு எளிது: காற்றழுத்தத்தைப் பையின் பரப்பால் பெருக்கினால் அது தாங்கும் எடை. 200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பையில் 5 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால் ஏறக்குறைய 1,000 கிலோ தாங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 2,000 கிலோ. நடுத்தர மோட்டார்ஹோம் ஒன்றின் பின்னச்சுக்கு இது பொருத்தமான அளவு.

மோட்டார்ஹோம்களில் இதில் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்; நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒன்று, துணைப் பை. டுகாட்டோ போன்ற வண்டிகளின் பின்னச்சில் நீள இரும்புப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங் இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, கூடவே ஒரு பையைச் செருகுவது. ஸ்பிரிங் பாதி தாங்கும், பை மீதி தாங்கும். இதில் காற்றை ஏற்றிச் சில சென்டிமீட்டர் உயர்த்தலாம். காற்றை இறக்கினாலோ, ஸ்பிரிங் தன் இயல்பான உயரத்தில் பிடித்து நிறுத்திவிடும். அதற்குக் கீழே போகாது. அடியோடு காலி செய்யவும் கூடாது. அரை பார் அளவாவது எப்போதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடும்போது ரப்பர் மடிந்து நசுங்கிக் கிழியும். இன்னொன்று, முழு ஏர் சஸ்பென்ஷன். லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு எடை முழுவதையும் பையே தாங்கும்படி செய்வது. உயரம் பார்க்கும் சென்சார், காற்றுத் தொட்டி, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் கூடவே வரும். ஹாலந்திலும் ஜெர்மனியிலும் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. இவெகோ டெய்லி போன்ற வண்டிகளில் ஆலையிலேயே பின்னச்சுக்கு இதைப் பொருத்தித் தருவதும் உண்டு. இதில் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம்.

ஸ்காட்பர்க்கில் என் வண்டி ஏன் மேலும் சாய்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். என்னுடையது துணைப் பை. முன்னிருந்தவருக்கு அதைப் பொருத்திக் கொடுத்த பட்டறையில் செலவைக் குறைக்க இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்து நடுவில் டி வடிவ மூட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். தரை இடப்பக்கம் சரிந்திருந்தது. எடை இடப்பக்கம் கூடியது. அந்தப் பை நசுங்கியது. அதிலிருந்த காற்று குழாய் வழியாக வலப்பக்கப் பைக்குப் போய் அதை உயர்த்திவிட்டது. நான் ஏற்றிய காற்றும் சுமை குறைந்த பக்கத்தைத்தான் தேடிப் போனது. இரண்டு பையிலும் அழுத்தம் ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் உயரம் ஒன்றாக இருக்காது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி படகு போல ஆடியதற்கும் இதுவே காரணம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு, தனித்தனி மானி போட்ட பிறகுதான் அது நின்றது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கீழே குனிந்து இந்த ஒரு டியைத் தேடுங்கள்.

தனித்தனிக் குழாய் போட்டுவிட்டால் பக்கவாட்டுச் சாய்வைப் பின்பக்கப் பைகளாலேயே சரிசெய்துவிடலாமா? பெரிய அளவில் முடியாது. முன்னச்சின் ஸ்பிரிங்கும் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பியும் தரையின் சரிவோடு ஒட்டியே நிற்கப் பார்க்கும். பின்னால் மட்டும் ஒரு மூலையைத் தூக்கினால் கூடு முறுக்கிக்கொள்ளும். நுழைவாசல் கதவு சட்டத்தில் உரசும். மேல் அலமாரிகள் கிறீச்சிடும். நான்கு சக்கரத்துக்கும் முழு ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் வேறு கதை. அதுவும் சில சென்டிமீட்டருக்குள்தான். டுகாட்டோவின் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடையே 1.8 மீட்டர் அளவு. அங்கே 1 டிகிரி என்பது 3 சென்டிமீட்டர்தான். 3 சென்டிமீட்டருக்குச் சக்கரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பு வைத்தால் போதும். மரப்பலகை இருந்தால் அதுவும் போதும். அது சாயாது, காற்று இறங்காது, பேட்டரி தின்னாது. இடம் வலத்தை ஆப்பாலும், முன் பின்னைக் காற்றாலும் சரிசெய்வதுதான் என் வழக்கம். முதலில் இடம் வலம், அப்புறம் முன் பின். மாற்றிச் செய்தால் இரண்டு முறை வேலை.

ஆனால் முன் பின்னைக் காற்றால் சரிசெய்யும்போதுதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள் என்பது என் எண்ணம். எல்லோருடைய கையும் ஏற்றும் பட்டனுக்கே போகிறது. காற்றுப் பை ஒரு ஸ்பிரிங், தூண் அல்ல. எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவு அது ஆடும். உள்ளே ஒருவர் நடந்தால் படுத்திருப்பவருக்குத் தெரியும். கடற்கரையில் தெற்குக் காற்று அடித்தால் இரவெல்லாம் தொட்டில்தான். முழு ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இதற்கு நேரெதிரான வழி இருக்கிறது: காற்றை இறக்குங்கள். காற்று முழுவதும் போனதும் வண்டியின் பின்பாகம் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் முட்டின்மேல் வந்து உட்காரும். அது ஸ்பிரிங் போல் ஆடாது. இறங்குவதற்குக் காற்றும் மிச்சம் இல்லை. ஆகவே இரவில் மட்டம் மாறாது. சிறு கசிவு இருந்தால்கூட அன்று இரவு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இதற்கு இடத்தை முன்கூட்டியே யோசித்துத் தேர வேண்டும். பின்பக்கம் 6 சென்டிமீட்டர் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீளத்தில் அது ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே மூக்குப் பக்கம் ஒரு டிகிரி அளவு தாழ்ந்திருக்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. அங்கே நிறுத்தி, பின்பக்கத்தை முழுக்க இறக்கினால் மட்டமும் கிடைத்துவிடும், அசைவும் நின்றுவிடும். கடலோர முகாம்களில் புல்தரை பெரும்பாலும் கடலை நோக்கிச் சரியும்; மூக்கைக் கடல் பக்கம் வைத்து நிறுத்தினால் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அலையும் தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு. படி பின்பக்கமாக உள்ள வண்டிகளில் இறக்கிய பிறகு வாசல் தாழ்ந்துவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆறு சென்டிமீட்டர் அவருக்குப் பெரிய வித்தியாசம். பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கம் பணிந்து பயணிகளை ஏற்றிக்கொள்வதும் இதே பைகளால்தான்.

இடம் தேர்வது என்று எளிதாக எழுதிவிட்டேன். அப்பா இருந்திருந்தால் இந்த வரியில் கொஞ்சம் நின்றிருப்பார். அவர் காலத்தில் நமக்கு இடத்தைத் தேரும் உரிமையே கிடையாது. 1953இல் வந்த தனி வசதிகள் சட்டம் கடற்கரையைக்கூட நிறம் பார்த்துப் பிரித்தது. தென்கரையில் நல்ல கடலோரமெல்லாம் வெள்ளையருக்கு. இந்தியருக்கென்று ஒதுக்கியது இசிபிங்கோ மாதிரிச் சில இடங்கள். அப்பா சொல்வார், பேக்கி என்னும் பிக்கப் வண்டியின் பின்புறத்தில் பாய் விரித்துப் படுத்து, விடியும் முன் எழுந்து வந்துவிடுவார்களாம். அந்தச் சட்டம் 1990இல்தான் ஒழிந்தது. இன்று புல்தரையில் நாலு இடத்தை நடந்து பார்த்து, இது சரிவு, அது நல்லது என்று பிடித்த இடத்தில் நிற்க முடிகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அடுத்தது, இரவில் என்ன நடக்கிறது என்பது. மாலையில் மட்டம் பார்த்துப் படுத்துக் காலையில் எழுந்தால் வண்டி தாழ்ந்திருக்கிறது. உடனே பை ஓட்டை என்று முடிவு கட்டிவிடுகிறோம். டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் குளிர்காலம் கழித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். என்3 பிடித்து ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாமுக்குப் போனால் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் அளவு ஏறிவிடுகிறோம். ஜூலையில் பகல் வெயில் இதமாக இருக்கும். இரவில் புல்மேல் உறைபனி. குளிரக் குளிரக் காற்று சுருங்கும். 25 டிகிரி செல்சியஸில் நிரப்பிய பை 0 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கும் காற்றின் கன அளவு 8 சதவீதத்துக்கு மேல் குறையும். பையில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்று நிற்கிறது என்றால் அது 1.7 சென்டிமீட்டர் இறங்கும். வண்டியின் நீளத்தில் இது கால் டிகிரிதான். கவனிக்க வேண்டியது இதைத்தான்: குளிர் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் இறக்கும், கொஞ்சம்தான் இறக்கும், வெயில் ஏறியதும் பழைய உயரத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினாலோ, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினாலோ, மத்தியானம் ஆகியும் எழும்பாவிட்டாலோ அது கசிவு.

மலையேறுவதால் இன்னொரு சின்ன மாற்றமும் உண்டு. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். 1,400 மீட்டரில் கடல்மட்டத்தைவிட 0.15 பார் அளவு குறைவு. 5 பார் பையில் இதனால் காற்று இரண்டரை சதவீதம் விரிந்து அரை சென்டிமீட்டர் உயரும். டர்பனில் அளந்து வைத்த உயரம் மலையில் பகலில் சற்றுக் கூடி, இரவில் நன்றாகக் குறைவது இதனால்தான். உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்காக நள்ளிரவில் கம்ப்ரஸர் ஓடும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சத்தம் பக்கத்து வண்டிக்காரரையும் எழுப்பும். படுக்கும் முன் தானியங்கியை அணைத்துவிடுவது நல்லது. அரை டிகிரிக்காக யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

கசிவு கண்டுபிடிக்க வித்தை எதுவும் வேண்டாம். சைக்கிள் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்த பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வண்டியை நீரில் அமுக்க முடியாது. ஆகவே சோப்பு நுரையைத் தூரிகையால் தடவ வேண்டும். பையைச் சந்தேகிக்கும் முன் குழாய் பொருந்தும் மூட்டுகளைப் பாருங்கள். எனக்கு வந்த கசிவெல்லாம் அங்கேதான். நைலான் குழாயைச் சாய்வாக வெட்டியிருந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாகப் பிடிக்காது. கூர்மையான பிளேடால் நேராக வெட்டி மறுபடி செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உப்பு தனி எதிரி. பித்தளை மூட்டு பச்சை பிடிக்கும், கம்ப்ரஸரின் இணைப்புகள் அரிக்கும். தென்கரையிலிருந்து வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். காற்றுத் தொட்டி இருந்தால் அதன் அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுங்கள். மலைக்குப் போகும் முன் இதை மறக்கவே கூடாது. அந்த நீர் உறைந்து வால்வை அடைக்கும்.

தரையும் இரவில் மாறும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கோடை மழை அடித்த புல்தரையில் மூன்றரை டன் வண்டி நின்றால் ஒரு சக்கரம் மட்டும் மெல்ல அமிழும். மணலிலும் அப்படித்தான். சக்கரத்தடியிலும் ஆப்பின் அடியிலும் அகலமான பலகை ஒன்றைப் போட்டுவிட்டால் போதும்.

பின் மூலைகளில் மடக்கி இறக்கும் முட்டுக்கால்கள் பல வண்டிகளில் இருக்கும். மட்டம் பிடித்து முடித்த பிறகு, ஆட்டத்தை நிறுத்துவதற்காக மட்டும் அவற்றை இறக்க வேண்டும். அவை வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. முட்டுக்கால் இறக்கிய நிலையில் தானியங்கி ஏர் சஸ்பென்ஷன் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் மல்லுக்கட்டும். பை குளிரில் இறங்கினாலோ, கசிந்தாலோ எடை முழுவதும் அந்த ஒல்லிக் கால்களில் வந்து விழும், வளைந்துவிடும். இது எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஹைட்ராலிக் ஜாக்குகள் உண்டு. நான்கு மூலையிலும் தரையில் ஊன்றி மட்டமும் பிடிக்கும், அசையாமலும் வைக்கும். நிறுத்திய வண்டிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. விலையும் எடையும்தான் கூடுதல். ஓடும்போது அதனால் சவாரிக்கு எந்த உதவியும் இல்லை. காற்றுப் பையின் முதல் வேலை சாலையில்தான். நிறுத்திய இடத்தில் மட்டம் பிடிப்பது அதற்குக் கிடைத்த கூடுதல் பயன். வாங்கும்போது இந்த வரிசையை மறக்காமல் இருந்தால் ஏமாற்றம் இருக்காது. இன்னொன்று, பை போட்டதால் வண்டியின் தகட்டில் எழுதியிருக்கும் மொத்த எடை கூடிவிடாது. பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதால் சுமை குறைந்ததுபோலத் தோன்றும், அவ்வளவுதான். டயரும் அச்சும் பிரேக்கும் பழைய எடைக்குச் செய்தவைதான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காற்று மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பை வெடித்தாலோ, குழாய் கழன்றாலோ, உள்ளேயிருந்து ஒரு குழந்தை பட்டனை அமுக்கினாலோ வண்டி ஒரு நொடியில் இறங்கும். அடிச்சட்டத்துக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே குனிய வேண்டும். ஒருமுறை என் தாய்மாமா, "எண்ணெய்ச் சொட்டு எங்கேன்னு பாக்கறேன் தம்பி" என்று சட்டென்று அடியில் புகுந்துவிட்டார். கத்தி வெளியே இழுத்தேன். அவருக்குக் கோபம், எனக்குக் கை நடுக்கம். இப்போது ஸ்டாண்டு இரண்டும் வண்டியிலேயே இருக்கின்றன.

கிளம்பும்போது வரிசை தலைகீழ். முட்டுக்காலை மடக்கி, காற்றை ஓட்டும் உயரத்துக்கு ஏற்றி, அப்புறம் ஆப்பிலிருந்து இறங்க வேண்டும். தாழ்ந்த நிலையில் ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் அச்சு ரப்பர் முட்டில் இடிக்கும். அளவுக்கு மீறி உயர்ந்த நிலையில் ஓட்டினால் ஷாக் அப்சார்பர் இழுபட்டு உடையும். முழு அமைப்புகளில் எச்சரிக்கை மணி இருக்கும். துணைப் பையில் அது கிடையாது. ஆகவே சமதரையில் சரியான உயரத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து அதன் மேலுள்ள வளைவின் விளிம்பு வரை அளந்து, அந்த அளவை வளைவின் உட்புறம் ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கிளம்பும் முன் டேப்பால் ஒருமுறை அளந்தால் போதும்.

மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் சாதாரண ரசமட்டம்தான் வைத்திருக்கிறேன். தரையில் வைப்பதில்லை, பழைய வண்டியின் தரை எங்கேயாவது தொய்ந்திருக்கும். ஃபிரிட்ஜ் உறைபெட்டியின் உள்தட்டில் வைத்து நீளவாக்கிலும் குறுக்காகவும் பார்ப்பேன். பிறகு அடுப்பின்மேல் ஒருமுறை. முகாமுக்கு முகாம் என்ன செய்தேன் என்று அம்மாவின் மளிகை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைக்கிறேன். கடைசியாக எழுதியது ஸ்காட்பர்க்: மூக்கு கடல் பக்கம், இடது முன்சக்கரத்துக்கு ஒரு ஆப்பு, பின்சக்கரத்துக்கு ஒன்று, பையில் அரை பார் மட்டும் வைத்து மீதியை இறக்கியாயிற்று. அதற்குக் கீழே அம்மா தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "புளி அரைக் கிலோ, வெந்தயம், மஞ்சள்."